யாமஹா பிஎஸ்ஆர்-இ473: தேவாரக் குழுவுக்குப் பயிற்சி இசை செய்யும் கீபோர்டு

செந்தூலில் எங்கள் கோயில் தேவாரப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இசை பதிந்து தருவது என் வேலை. பக்கவாத்தியக்காரர்கள் விசேஷ நாளில்தான் வருவார்கள். மற்ற வாரங்களில் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதிவை வைத்துத்தான் பிள்ளைகள் வீட்டில் பாடிப் பழகுகிறார்கள். அதற்காகவே இந்தக் கீபோர்டை வாங்கினேன். இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

820 வாத்திய ஒலிகள், 290 ஸ்டைல்கள் (இடது கை சேர்த்து அழுத்தும் ஸ்வரங்களுக்கு ஏற்பத் தானே ஓடும் பின்னணி இசை) என்ற கணக்கை வைத்து வாங்காதீர்கள். நான் புழங்குவது ஆர்மோனியம், புல்லாங்குழல், ஸ்ட்ரிங்ஸ் மட்டுமே. எனக்குப் பெரிதாகத் தெரிவது இதன் பதிவு வசதி. வாசிப்பை மிடியாக, அதாவது ஒலியாக அல்லாமல் எந்த விசையை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பாக, தடம் தடமாகப் பதியலாம்: ஆர்மோனியம் ஒரு தடம், குழல் ஒரு தடம், தாளம் தனி. குழல் பிசகினால் அந்தத் தடத்தை மட்டும் திரும்ப வாசித்தால் போதும். பதிந்த பிறகும் வேகத்தைக் குறைக்கலாம், சுருதியை மாற்றலாம். "டீச்சர், சுருதி எட்டல" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஒரு கட்டையில் (சி சுருதி) வாசித்ததை, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை -5 வைத்து, அதற்குக் கீழே உள்ள ஐந்து கட்டைக்கு (ஜி சுருதி) இறக்கிவிடுவேன். மறுபடி வாசிக்கத் தேவையில்லை. எல்லாம் சரியானதும் யுஎஸ்பி பென்டிரைவில் வேவ் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மைக் செருகவும் இடம் இருப்பதால் என் குரலும் அதிலேயே சேர்கிறது.

ஸ்டைல் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். நட்டபாடை என்ற தேவாரப் பண்ணை நாங்கள் கம்பீர நாட்டை ராகத்தில் பாடுகிறோம். அதில் ரிஷபமும் (ரி) இல்லை, தைவதமும் (த) இல்லை. சி சுருதியில் வாசிக்கும்போது இடது கை எஃப் கார்டை (எஃப், ஏ, சி மூன்றும் சேர்ந்தது) பிடித்தால் அதிலுள்ள ஏ தைவதமாக வந்து விழும். ஜி கார்டில் டி ரிஷபமாக நுழையும். பண் அங்கேயே கெட்டுப்போகும். பிள்ளைகள் காது அதையே பண் என்று பிடித்துக்கொள்ளும் என்பதுதான் என் கவலை. அதனால் சியையும் ஜியையும் மட்டும் சேர்த்துப் பிடிப்பேன். இந்தக் கீபோர்டு அதை ஒரு கார்டாக ஏற்று, சா-பா மட்டும் ஒலிக்கப் பின்னணி தருகிறது. தம்பூராவுக்கு ஈடாகாது என்றாலும் பண் பத்திரமாக இருக்கிறது.

ஆதி தாளத்துக்கு நாலு நாலாக ஓடும் ஸ்டைல்கள் பொருந்தும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் என்றால் ஸ்டைலை அணைத்துவிட்டு மெட்ரனோமை ஏழுக்கு வைத்துப் பதிகிறேன். கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் உண்டு; மோகனத்துக்குப் போதும், தோடிக்கு அதை நம்ப முடியாது.

கம்ப்யூட்டரோடு யுஎஸ்பி வயரில் இணைத்தால் ஒலி நேராக உள்ளே போகிறது, தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டாம். நான் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் வெட்டி ஒட்டுகிறேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஹெட்போன் போட்டு இரவிலும் பதியலாம். ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடுவதால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கும் தூக்கிப் போகலாம்.

பியானோ கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைக்கு இதை வாங்காதீர்கள். 61 விசைகள்தான், அவற்றில் பியானோவின் கனமும் கிடையாது. பாட்டுக்கு இசை அமைத்துப் பதிய வேண்டும், குழுவோடு பாட வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கடைக்குப் போகும்போது உங்கள் ஹெட்போனையும் எடுத்துப் போய், ஆர்மோனியம் ஒலியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.