ஆம்னி டேஷ்போர்டில் ஒரு வால்யூம் குமிழ்: இரண்டு வருட அனுபவம்

பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் நடுச்சாமத்தில் ஓசூர் போய் ரோஜா ஏற்றிக்கொண்டு கே.ஆர். மார்க்கெட்டுக்கு வருவதுதான் பிழைப்பு. வண்டி பழைய ஆம்னி வேன். பின்னால் லைட் எரிகிறதா என்று தெரிய டேஷ்போர்டில் ஒரு நீல எல்.ஈ.டி. வைத்தேன். பகலில் அழகு. இரவில் முன் கண்ணாடியில் நீலப் பொட்டாக விழுந்து கண்ணைக் குத்தியது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு 10கே (10,000 ஓம்) பாட், அதாவது திருப்பினால் மின்தடை கூடிக் குறையும் வால்யூம் குமிழ், வாங்கி, கரண்டை மட்டுப்படுத்த ஏற்கெனவே இருந்த 680 ஓம் ரெசிஸ்டரோடு தொடராக மாட்டினேன். அந்த 680-ஐ மட்டும் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால், குமிழைக் கடைசிவரை திருப்பும்போது எல்.ஈ.டி. காலி. வண்டியில் 12 வோல்ட் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், இன்ஜின் ஓடினால் 14 வரும்.

குமிழ் சீராக வேலை செய்யும் என்று நினைத்தேன். பாதி தூரம் திருப்பியும் கரண்ட் 1 மில்லியாம்பியரிலிருந்து 2 ஆகிறது, அவ்வளவுதான். மீதிப் பாதியில் 16-க்குத் தாவுகிறது. அந்த 1-லேயே நீலம் இருட்டில் பளிச்சென்று தெரிகிறது! கடைசியில் எல்.ஈ.டி. தலையை உப்புத்தாளால் தேய்த்தேன். அதற்கப்புறம்தான் கண்ணுக்கு இதம்.

ஆறேழு மாதத்தில் பாட்டுக்குள் தூசி போய், அத்திப்பள்ளி பக்கம் பள்ளத்தில் இறங்கினால் எல்.ஈ.டி. அணைந்து எரிந்தது. பாட்டின் நடுக்காலையும் சும்மா கிடந்த ஓரக்காலையும் சேர்த்துப் பற்ற வைத்தேன். இப்போது தொடர்பு விட்டாலும் அணையாது, மங்கும், அவ்வளவே.

இந்தத் தைரியத்தில் பின்பக்க லைட்டான ஒரு மீட்டர் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப்புக்கும் ஒரு 1கே பாட் போட்டேன். வெளிச்சத்தைக் கூட்டினேனோ இல்லையோ, பூ வாசத்தை மீறிக் கருகல் நாற்றம். பாட் கால் வாட் (0.25 வாட்) தாங்கும் என்பது உள்ளே இருக்கும் முழு மின்தடைத் தடத்துக்கும் சேர்த்துச் சொல்வது. 1கேயில் அதன்படி தாங்கும் கரண்ட் சுமார் 16 மில்லியாம்பியர். ஸ்ட்ரிப் இழுப்பதோ 400. கருகிய பாட்டைக் காட்டியதும் கடைக்காரர் சிரித்துவிட்டார்: “அண்ணா, இது ரேடியோ சத்தம் கூட்டிக் குறைக்கிற சாமான். ஸ்ட்ரிப்புக்கு டிம்மர்னு கேளுங்க.”

அவர் கொடுத்த பி.டபிள்யூ.எம். டிம்மர் கரண்டை வேகமாக விட்டுவிட்டுத் தருகிறது, சூடே இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டது. மகள் பூக்கூடைகளைப் போனில் வீடியோ எடுத்தால் மட்டும் கோடு கோடாக ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.