டிரான்ஸ்பார்மர் எண்ணெய்ச் சோதனை: கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் கோவை ஆய்வகம் எப்படி?

பெரியாறு தண்ணீரை நம்பி லோயர் கேம்ப்புக்குக் கீழே ஓடும் சிறு மின்நிலையங்களுக்கும், கம்பம் கணவாய்க் காற்றாலைகளுக்கும் கோவையிலிருந்து ஓர் ஆய்வகம் நேரில் வந்து எண்ணெய் மாதிரி எடுத்துப் போகிறது. உள்ளே பழுது இருந்தால் உண்டாகி எண்ணெயில் கரையும் வாயுக்கள், ஈரப்பதம், பி.டி.வி. (எண்ணெய் எவ்வளவு மின்னழுத்தம் தாங்கும் என்ற அளவு), அமிலத்தன்மை எல்லாம் ஒரே தொகுப்பு. டிரான்ஸ்பார்மரை இந்தக் கோடையில் பிரிப்பதா, இன்னொரு சீசன் ஓட்டுவதா என்று முடிவெடுக்க இது போதுமா? பாதிதான்.

மாதிரி எடுப்பதில் குறை சொல்ல இடமில்லை. அடி வால்வில் தேங்கிக் கிடக்கும் எண்ணெயை இரண்டு லிட்டர் வரை வாளியில் விட்ட பிறகே கண்ணாடி சிரிஞ்சை மாட்டுகிறார்கள். ஒருமுறை நிரப்பிக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புகிறார்கள். தண்டைக் கையால் இழுப்பதே இல்லை, எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளட்டும் என்று விடுகிறார்கள். இழுத்தால் கரைந்த வாயு குமிழாகப் பிரிந்து கணக்கே கெடும். வெயில் படாமல் கறுப்புத் தாளில் சுற்றித்தான் பெட்டியில் வைக்கிறார்கள்.

அறிக்கைதான் சொதப்பல். ஒவ்வொரு வாயுவுக்கும் ஓர் எல்லை, தாண்டினால் சிவப்பு, இல்லையேல் பச்சை. எண்ணெய் அதிகமாகச் சூடேறினால் வரும் எத்திலீன் மூன்று வருஷமாக 150 பி.பி.எம்-இல் அசையாமல் நின்றால் சிவப்பு. மூன்றே மாதத்தில் 40-லிருந்து 90-க்கு ஏறினால் பச்சை. அவசரம் எதில் என்று ஆப்பரேட்டரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். முந்தைய அறிக்கைகளைக் கையில் கொடுத்து, ஏற்ற வேகத்தை எழுதித்தரச் சொல்லுங்கள். கேட்டால் தருகிறார்கள்.

அசிட்டிலீன் வந்தாலே 'உடனே திறந்து பார்க்கவும்' என்று எழுதுவதும் சரியல்ல. உள்ளே ஆர்க் (மின்பொறி) அடித்தால் அது வரும், உண்மைதான். ஆனால் லோடில் ஓடும்போதே டேப் சேஞ்சர் என்ற சுவிட்சால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரில், அசிட்டிலீன் ஹைட்ரஜனைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், டேப் சேஞ்சர் எண்ணெய் மெயின் டேங்குக்குள் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அப்படியானால் மாற்ற வேண்டியது சீல். உள்ளே இருக்கும் இரும்புக் கோரைச் சுருள்களோடு வெளியே தூக்க வேலையில்லை. எத்திலீனோடு கார்பன் மோனாக்சைடும் ஏறுகிறதா? அது சுருள்களில் சுற்றிய காப்புக் காகிதம் வெந்துபோவதன் அறிகுறி. காகிதம் எவ்வளவு நைந்தது என்று காட்டும் ஃபியூரான் சோதனையும் கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம்.

பெரிய குறை, அவர்கள் வருகிற நேரம்தான். ஷட்டவுன் காலம் என்று ஏப்ரல், மே மாதங்களில் வருகிறார்கள். மாதக்கணக்கில் சும்மா நின்ற டிரான்ஸ்பார்மரில், மேலே இருக்கும் கன்சர்வேட்டர் (எண்ணெய் விரிந்து சுருங்க இடம் தரும் சிறு தொட்டி) வழியே ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கும். எண்ணெய் ஆறிக் கிடந்தால் ஈரம் காகிதத்துக்குள் போய்விடும், எண்ணெயில் ஈரப்பதம் குறைவாகக் காட்டும். அறிக்கையில் எண்ணெய்ச் சூட்டுக்குக் கட்டம் இருக்கிறது, பல நேரம் காலியாகவே வருகிறது. கையெழுத்துப் போடுமுன் அதை நிரப்பச் சொல்லுங்கள்.

தண்ணீர் குறையுமுன், லோடில் ஓடும்போதே அழையுங்கள், காற்றாலைக்காரர்கள் செப்டம்பரிலேயே. பெரியாற்றில் வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பார்கள். மே மாதம் அறிக்கை வந்தால் கேஸ்கெட் வாங்கவும் எண்ணெய் வடிகட்டும் மிஷின் பிடிக்கவுமே நேரம் இருக்காது.

வண்டி வாடகை தனி. பக்கத்து நிலையங்களோடு சேர்ந்து நாலைந்து டிரான்ஸ்பார்மருக்காக ஒரே நடையில் கூப்பிட்டால்தான் கட்டுப்படியாகும்.