தேயா சந்தையில் வாங்கிய தூங்கும் நாய்

தேயா என்னும் இணையக் கலைச் சந்தையில் சில மாதங்களுக்கு முன் ஒரு தூங்கும் நாயை வாங்கினேன். அகலம் 64 பிக்சல், உயரம் 64 பிக்சல், நிறங்கள் நான்கு, மொத்தம் 15 படிகள் (பிரதிகள்), ஒரு படியின் விலை டெஸ் என்ற மின்பணத்தில் 3 டெஸ். வரைந்தவர் கலைப் பள்ளி எதிலும் படிக்காமல் தாமே பிக்சல் ஓவியம் கற்றுக்கொண்டதாகத் தம் அறிமுகத்தில் எழுதியிருக்கிறார். புனைபெயரில் இயங்குபவர் என்பதால் அதை மதித்து அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்லப் போவதில்லை. இந்த மதிப்புரையில் பாதி படத்தைப் பற்றியது, மீதிப் பாதி அதை விற்கும் கடையைப் பற்றியது. பல கணினிகள் சேர்ந்து சங்கிலிபோலத் தொடர்ந்து எழுதிவரும் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் விற்கப்படும் படத்தைக் கடையிலிருந்து பிரித்து எடைபோட்டால், ‘என்றும் அழியாது’ என்ற விளம்பரத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பது பிடிபடாது.

முதலில் படம். கருநீலத் தரையில் ஒரு பழுப்பு நாய் சுருண்டு கிடக்கிறது. முகம் பின்னங்கால்களுக்குள் புதைந்திருப்பதால் கண் தெரியவில்லை. மூக்கு நுனியில் ஒரே ஒரு வெள்ளைப் பிக்சல் மட்டும் ஈரம்போல மின்னுகிறது, படம் முழுவதிலும் வெள்ளை வேறெங்கும் இல்லை. அசைவு என்று சொல்லக்கூடியது ஒன்றுதான்: முதுகு வளைவின் உச்சியில் உள்ள ஒன்பது பிக்சல்கள் ஒரு வரிசை மேலே ஏறி, பிறகு இறங்குகின்றன. அதுதான் மூச்சு. ஜிஃப் கோப்பில் ஒவ்வொரு சட்டகமும் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் தனித்தனியாகக் குறிக்க முடியும். பெரும்பாலானவர்கள் எல்லாச் சட்டகங்களுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. ஆறு மூச்சுகள் சீராக வருகின்றன. ஏழாவது வர வேண்டிய இடத்தில் முதுகு எழாமல் அப்படியே கிடக்கிறது. நான்கு நொடிக்குச் சற்றுக் குறைவான அந்த இடைவெளியில், பார்க்கிறவர் தம் மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பதை உணர்வதற்குள், கோப்பு தொடக்கத்துக்குத் திரும்பி முதுகு மறுபடி எழுகிறது. படத்தோடு உள்ள குறிப்பு ஒரே வரி: இந்த நாய் இப்போது இல்லை.

குறிப்பைப் படிக்காமல் பார்த்தவர்களுக்கும் அந்த இடைவெளி உறைக்கிறதா என்று அறிய வீட்டில் இருவரிடம் காட்டினேன். ஒருவர் ‘போன் ஹேங் ஆகிவிட்டதா’ என்றார். மற்றவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு மூன்று சுற்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டும் நேர்மையான எதிர்வினைகள் என்றே கொள்கிறேன்.

சில பிக்சல்களில் உணர்ச்சியை வைப்பது புதிய வித்தை அல்ல. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் சின்னங்களை வரைந்த சூசன் கேர் கணினி வரைகலையில் முன்னனுபவம் இல்லாமல் அந்த வேலைக்கு வந்தவர். கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில் கட்டங்களை நிரப்பிப் பழகியவர். கணினியைத் திறந்ததும் சிரித்த முகம், பழுதானால் வாடிய முகம் என்று கறுப்பு வெள்ளையில் அவர் வைத்த அந்தச் சிறு முகங்கள்தான் ஓர் இயந்திரத்தோடு மனிதர்களுக்கு ஒட்டுறவை உண்டாக்கின. தூங்கும் நாய் அந்த வழியில் வருகிறது. ஆனால் முகத்தை மறைத்துவிட்டு வேலையைக் கால அளவிடம் ஒப்படைத்திருப்பது இக்கலைஞரின் சொந்தத் துணிச்சல்.

குறையும் உண்டு. படத்தின் தரையில் நிழலுக்காகப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார், டிதரிங் என்பார்கள். நான்கே நிறங்கள் கையில் இருக்கும்போது அது இயல்பான உத்திதான் என்றாலும், நாயின் வயிற்றுக்கு அடியில் அது நெருங்கி வந்து, சிறிய திரையில் ஒரு கலங்கலாகத் தெரிகிறது. அந்தப் பகுதியைத் தட்டையாகவே விட்டிருக்கலாம்.

இனி கடை. தேயாவின் கதை அதற்கு முந்தைய கடையின் கதை. 2021 மார்ச்சில் பிரேசில் நாட்டு நிரலாளர் ரஃபேல் லீமா, டெஸ் நாணயத்துக்குரிய டெசோஸ் பிளாக்செயினின் மீது ஹிக் எத் நுங்க் என்ற சந்தையைத் தொடங்கினார். லத்தீனில் அதற்கு ‘இங்கே, இப்போதே’ என்று பொருள். அந்த நாட்களில் எத்தீரியம் என்ற பெரிய பிளாக்செயினில் ஒரு படத்தை மின்ட் செய்வதற்கான, அதாவது பதிந்து வெளியிடுவதற்கான, கட்டணமே படத்தின் விலையைத் தாண்டிவிடும். மின்சாரத்தை விழுங்கும் ‘புரூஃப் ஆஃப் வொர்க்’ முறையிலிருந்து எத்தீரியம் மாறியதே 2022 செப்டம்பரில்தான். டெசோஸ் தொடக்கம் முதலே மின்சாரம் அதிகம் தேவைப்படாத ‘புரூஃப் ஆஃப் ஸ்டேக்’ முறையில் இயங்கியது, அங்கே சில்லறைக் காசில் மின்ட் செய்யவும் முடிந்தது. பெயரும் பின்புலமும் இல்லாத, தாமே கற்றுக்கொண்ட பிக்சல் கலைஞர்கள் அங்கே திரண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2021 நவம்பர் 11 அன்று, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் லீமா தளத்தை மூடிவிட்டார். சாதாரணக் கடையாக இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் மூடப்பட்டது கடையின் முகப்பு மட்டுமே. யாரிடம் எந்தப் படம் இருக்கிறது என்ற பதிவேடு டெசோஸ் சங்கிலியில் அப்படியே இருந்தது, நிரலும் எல்லோரும் எடுத்தாளக்கூடியதாக இருந்தது. எனவே சில நாட்களுக்குள் மாற்று முகப்புகள் எழுந்தன. அந்தச் சமூகத்தினர் சேர்ந்து 2022இல் நிலைநிறுத்திய முகப்புதான் தேயா. போர்ச்சுகீசிய மொழியில் அதற்கு வலை என்று பொருள். ‘இங்கே, இப்போதே’ என்று பெயர் வைத்த கடை ஓர் ஆண்டு முடியும் முன் மறைந்துபோக, அதன் பதிவேடு நிலைத்துவிட்டது என்பது பெயர் வைத்தவரும் எதிர்பார்க்காத வேடிக்கையாக இருக்க வேண்டும்.

ஆனால் நிலைத்தது பதிவேடு என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். படம் சங்கிலியில் இல்லை. அது ஐபிஎஃப்எஸ் என்ற பகிர்வு வலையில் இருக்கிறது. சங்கிலியில் இருப்பது அதன் முகவரி. இந்த முகவரி, கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டுப் பெறப்படுகிறது. நாயின் மூக்கிலுள்ள அந்த வெள்ளைப் பிக்சலைச் சாம்பலாக்கினால்கூட முகவரி வேறாகிவிடும். ஆகவே என் படத்தை யாரும் எனக்குத் தெரியாமல் மாற்றிவிட முடியாது. ஆனால் உலகில் எந்தக் கணினியும் அந்தக் கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத நாள் வந்தால், முகவரி மட்டும் இருக்கும், வீடு இருக்காது. கோப்பை விடாமல் வைத்துக்கொள்வதைப் ‘பின்னிங்’ என்கிறார்கள். அதைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்படி நான் எச்சரிக்கையாகப் பேசுவதற்கு ஒரு பட்ட அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சந்தையில், பெயர் வேண்டாம், ஒரு மழைக்கால ஜன்னலின் பிக்சல் படத்தை வாங்கியிருந்தேன். அதன் முகவரி ஒரு சாதாரண வலைத்தளச் சேவையகத்தைச் சுட்டியது என்பதை வாங்கும்போது நான் பார்க்கவில்லை. இன்று என் வாலட் என்னும் மின்பணப்பையைத் திறந்தால் அதன் தலைப்பு இருக்கிறது, வாங்கிய தேதி இருக்கிறது, நான் உரிமையாளர் என்ற பதிவு அசைக்க முடியாதபடி இருக்கிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் சதுரம். பத்திரம் கையில், நிலத்தைக் காணோம்.

பிக்சல் கலைஞருக்கு இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு என்பதும், எண்ணெய் ஓவியத்தைப் படம்பிடித்து விற்பவருக்கு அந்த வழி இல்லை என்பதும்தான் என்னை இத்துறையில் ஈர்க்கும் செய்தி. கணக்கைப் பாருங்கள். நான்கு நிறங்களைக் குறிக்க ஒரு பிக்சலுக்கு 2 பிட் போதும். 64க்கு 64 படத்தில் 4,096 பிக்சல்கள். ஆக 8,192 பிட், அதாவது 1,024 பைட். 2020 நவம்பரில் வந்த டெல்பி மேம்பாடு டெசோஸில் சேமிப்புக் கட்டணத்தை நான்கில் ஒரு பங்காக்கி, பைட்டுக்கு 250 மியூட்டெஸ் என்று ஆக்கியது. பத்து லட்சம் மியூட்டெஸ் ஒரு டெஸ். இந்த வீதத்தில் நாய் முழுவதையும் சங்கிலிக்குள்ளேயே எழுதிவைக்க ஏறத்தாழ கால் டெஸ் ஆகும். மூச்சுக்காக நகரும் ஒன்பது பிக்சல்களுக்கும் கால அளவுகளுக்கும் இன்னும் சில பைட்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு படியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத செலவு. இறந்த நாயை அழியாமல் வைக்க விரும்பிய கலைஞர் இதைச் செய்யாமல் விட்டது அவர் மீது எனக்குள்ள ஒரே பெரிய வருத்தம். நிரல் எழுதத் தெரிந்தவரின் துணை அதற்கு வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. இத்துறையில் புகழ்பெற்ற கிரிப்டோபங்க்ஸ் முகங்களேகூட, 24க்கு 24 பிக்சல் அளவில் பத்தாயிரம் முகங்களாக 2017இல் வெளிவந்தபோது, அவை அனைத்தையும் அடுக்கிய ஒரு பெரும்படத்தின் ஹாஷ், அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்ட அடையாள எண், மட்டுமே சங்கிலியில் இயங்கும் ஒப்பந்த நிரலில் இருந்தது. முகங்கள் எத்தீரியம் சங்கிலிக்குள் வந்து சேர்ந்தது 2021 ஆகஸ்டில்தான்.

தொடர்புடைய இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். 64 பிக்சல் படத்தை அப்படியே பதிவேற்றினால், பல உலாவிகள் அதைப் பெரிதாக்கும்போது ஓரங்களைக் குழைத்து மங்கலாக்கிவிடும். எனவே கலைஞர்கள் பத்து மடங்கு போன்ற முழு எண் மடங்கில் பெரிதாக்கிப் பதிவேற்றுவது வழக்கம். இந்த நாயும் 640 பிக்சலாகத்தான் இருக்கிறது. தரம் குறையவில்லை. ஆனாலும் ஒரு பிக்சலுக்கு நூறு பிக்சல் என்று ஊதிய உடம்பு, சங்கிலிக்குள் வைப்பதற்கு ஏற்றதல்ல.

அழியாமையின் மறுபக்கமும் இந்தப் படத்திலேயே இருக்கிறது. குறிப்பில் உள்ள அந்த ஒற்றை ஆங்கில வரியில் ஓர் எழுத்துப் பிழை. மின்ட் செய்த பிறகு திருத்த இயலாது. விற்காத படிகளை எரித்துவிட்டு (புழக்கத்திலிருந்து நீக்கிவிட்டு) புதிதாக வெளியிடலாமே தவிர, என் கையில் உள்ள படியைத் திரும்ப அழைக்க அவரால் முடியாது. துக்கத்தில் எழுதிய ஒரு வரியை ஐந்தாண்டு கழித்துப் படிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தால் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு என்னவோ அந்தப் பிழை பிடித்திருக்கிறது.

வாங்க விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். டெம்பிள், குகாய் போன்ற ஒரு டெசோஸ் வாலட் வேண்டும். ரூபாயில் நேரடியாக வாங்க இயலாது. மறுவிற்பனையில் கலைஞருக்குச் சேர வேண்டிய பங்கை 10 முதல் 25 சதவீதத்துக்குள் அவரே நிர்ணயிக்கும் முறை ஹிக் எத் நுங்க் காலத்திலிருந்து வருகிறது. சமூகத்தினர் நடத்தும் தளம் என்பதால், தொலைபேசியில் முறையிட ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தை எதிர்பார்க்காதீர்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு என்பதையும், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விற்று லாபம் பார்க்க நினைப்பவருக்கு இந்த நாயை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கிய அன்றே கோப்பைப் பதிவிறக்கி, என் கணினியில் ஐபிஎஃப்எஸ் மென்பொருளை நிறுவி, அந்த முகவரியை நானும் தாங்கும்படி செய்துவிட்டேன். அரை மணி நேர வேலை. திரை விரிசல் விட்ட ஒரு பழைய கைபேசியில் அதை ஓடவிட்டுப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறேன். இதை எழுதும் நேரத்தில் 15 படிகளில் நான்கு விற்காமல் இருக்கின்றன.