முற்பிறவி சிகிச்சை பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

தூக்கம் வரவில்லை, பதற்றமாக இருக்கிறது என்று போகிறவர்களை ‘பாஸ்ட் லைஃப் ரெக்ரஷன்’ (ஹிப்னாஸிஸ் மூலம் போன ஜென்மத்தை நினைவுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லும் முறை) என்ற பெயரில் ஏமாற்றுவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் அழைப்பு இலவசம். பொறுமையாகக் கேட்பார்கள், அழ விடுவார்கள். அழுது முடித்த கையோடு, ‘இன்றைக்குக் கட்டினால்தான் சலுகை’ என்று எல்லா அமர்வுகளுக்கும் சேர்த்து ஜிபேயில் பணம் வாங்கிவிடுவார்கள். ரசீது கிடையாது.

பணத்தைவிடப் பெரிய சேதம் அந்த அறைக்குள் நடக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, “உங்களைக் காயப்படுத்தியவர் முகம் தெரிகிறதா? இந்தப் பிறவியில் அவர் உங்கள் வீட்டில் யார்?” என்று கேட்கிறார்கள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துத்தான் கேட்கிறார்கள். தளர்ந்திருக்கும் மனம் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். நிரப்பியது நினைவு போலவே இருக்கும். 1995இல் உளவியல் ஆய்வாளர்கள் லோஃப்டஸும் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம், சிறுவயதில் அவர்கள் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத சம்பவம் ஒன்றைச் சொன்னார்கள். 24 பேரில் 6 பேர் அது முழுதாகவோ கொஞ்சமாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள். அதில் ஹிப்னாஸிஸ்கூடக் கிடையாது. இந்த அமர்வுகளிலோ பெற்ற அப்பாவே போன ஜென்மத்துக் கொலைகாரர் ஆகிவிடுகிறார். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது.

மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென விட்டால் தலைசுற்றும், தலைக்குள் ஷாக் அடிப்பது போல இருக்கும். அதைத்தான் ‘கர்மா வெளியேறுகிறது’ என்கிறார்கள். பைபோலார் நோய்க்குத் தரும் லித்தியத்தைச் சட்டென விட்டால் மேனியா (கட்டுக்கடங்காத மனக்கிளர்ச்சி) திரும்பும் ஆபத்து அதிகம்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவெண் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஹிப்னோதெரபிஸ்ட், லைஃப் கோச் என்று போர்டு மாட்ட அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. எங்களுக்கு அதிகம் கோபம் வருவது, பதிவு பெற்றவர்களே ‘இது தெரபி இல்லை, கோச்சிங்’ என்று தனிப் பக்கம் தொடங்கி இதைச் செய்யும்போதுதான். பெயர்ப்பலகையை மாற்றினால் பொறுப்பு போய்விடாது. ரகசியம் காப்பதும், இந்த முறைக்கு ஆதாரம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குவதும் அப்போதும் அவர்கள் கடமை.

ஒலிப்பதிவு செய்த அமர்வை ரீல்ஸில் போடுவதும் நடக்கிறது. குரலை மாற்றினாலும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸப் உரையாடல், விளம்பர ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அமர்வுக்குப் பிறகு தூக்கம் கெட்டு, பயம் கூடியிருந்தால் புகாரை ஒத்திவைத்துவிட்டு முதலில் 14416 எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸை, அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.