கிரேட் டேனுக்கு உயர ஸ்டாண்ட்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

கிரேட் டேன் என்ற ராட்சத நாயின் குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பலரும் வாங்கிவிடும் பொருள் ஒன்று உண்டு: இரண்டு எஃகுக் கிண்ணங்களைத் தாங்கும், ஏற்றி இறக்கக்கூடிய உயர ஸ்டாண்ட். பெட்டியின் மேல் பொதுவாக மூன்று வாக்குறுதிகள் இருக்கும். கழுத்து வலிக்காது, செரிமானம் சீராகும், வயிறு ஊதாது. முதலாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாவது வெறும் விளம்பரப் பேச்சு. மூன்றாவதை நம்பி வாங்குவதுதான் ஆபத்து.

வயிறு ஊதுவது என்று இங்கே சொல்வது சாதாரண அஜீரணத்தை அல்ல. இரைப்பையில் காற்று நிறைந்து, அது தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். உள்ளே போகும் வழியும் வெளியேறும் வழியும் அடைபடும், ரத்த ஓட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வளர்ப்பவர்கள் 'ப்ளோட்' என்பார்கள், மருத்துவர்கள் ஜிடிவி என்பார்கள். நாய் இனங்களில் இதற்கு அதிகம் பலியாவது கிரேட் டேன்.

காரணத்தைத் தேடினால் இனத்தின் வரலாற்றில் போய் நிற்கும். பெயரில் டென்மார்க் இருந்தாலும் இது ஜெர்மன் நாய். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் 'கிராண்ட் டானுவா' என்று எழுதியது ஆங்கிலத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் பிரபுக்கள் காட்டுப்பன்றி வேட்டைக்காக வளர்த்த நாய் இது. பன்றியை எதிர்த்து நிற்க மாஸ்டிஃப் வகையின் பலம் வேண்டும், அதைத் துரத்திப் பிடிக்க கிரேஹவுண்ட் வகையின் காலும் மார்பும் வேண்டும். 1880-இல் வளர்ப்பாளர்களும் நடுவர்களும் பெர்லினில் கூடி 'டாய்ச்ச டோக' என்ற ஜெர்மன் பெயரை இதற்கு உறுதி செய்தபோது, வேட்டைநாய் நிலையைத் தாண்டி இந்த நாய் வீட்டுக்குள் வந்திருந்தது. உடம்பு மட்டும் பழையபடியே நின்றது. மார்பு எவ்வளவு ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஜிடிவி வாய்ப்பும் கூடுகிறது. வேட்டைக்காரன் விரும்பிச் சேர்த்த மார்பு, இன்று வளர்ப்பவரின் தலைவலி.

இனி ஸ்டாண்டுக்கு வருவோம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிளிக்மன் குழு பெரிய, ராட்சத இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் முடிவை வெளியிட்டது. ராட்சத இனங்களில் நேர்ந்த ஜிடிவியில் ஏறத்தாழ 52 சதவீதத்தையும், பெரிய இனங்களில் 20 சதவீதத்தையும் உயர்த்தி வைத்த கிண்ணத்தோடு அவர்கள் தொடர்புபடுத்தினார்கள். அதுவரை 'வயிறு ஊதாமலிருக்கக் கிண்ணத்தை உயர்த்து' என்பதே எங்கும் சொல்லப்பட்ட அறிவுரை. இது அவதானிப்பு ஆய்வுதான். ஏற்கெனவே ஆபத்து இருப்பதாக நினைத்தவர்கள்தான் ஸ்டாண்ட் வாங்கியிருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கும் இடமுண்டு. ஆனால் ஸ்டாண்ட் வைத்தால் ஜிடிவி குறையும் என்று காட்டும் நல்ல ஆதாரம் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஆரோக்கியமான டேனுக்குக் கிண்ணம் தரையில் இருப்பதே சரி. குனிந்து சாப்பிட்டால் அதன் கழுத்துக்கு எதுவும் ஆகிவிடாது.

அப்படியானால் ஸ்டாண்ட் யாருக்கு? கழுத்தெலும்பில் தண்டுவடம் நசுங்கும் 'வாப்ளர்' நோய் வந்த டேனுக்கு. முன்னங்கால் மூட்டுகள் தேய்ந்து, குனிந்தால் தடுமாறும் கிழட்டு நாய்க்கு. உணவுக்குழாய் விரிந்துபோன நாய்க்கும் உயரம் வேண்டும், ஆனால் அதற்கு இந்த ஸ்டாண்ட் போதாது. உடலையே நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும். வாப்ளர் நாய்க்குக் கிண்ணத்தின் விளிம்பு மார்பின் கீழ்ப்பகுதி உயரத்தில் இருக்கட்டும். கழுத்து ஆழமாகக் குனியவும் கூடாது, மேல்நோக்கி நீளவும் கூடாது. நாய் தலையைத் தூக்கிச் சாப்பிட்டால் ஸ்டாண்ட் உயரம் அதிகம்.

குட்டியின் முன்னங்கால் வளையாமலிருக்கவும் ஸ்டாண்ட் உதவும் என்று சிலர் விற்கிறார்கள். கால் வளைவது கிண்ணத்தின் உயரத்தால் அல்ல, அதற்குள் இருப்பதால். அதைப் பிறகு பார்ப்போம்.

தேவை உறுதியானவர்கள் பொருளைச் சோதிக்கும் விதம்: ஆண் டேன் தோளளவில் 80 முதல் 90 செ.மீ., எடை 60 கிலோவைத் தாண்டும். அதோடு, டேன் எதன்மேலும் சாய்கிற நாய். மனிதர்மேல் உடம்பைச் சாய்த்து நிற்பது அதன் பாசம். சாப்பிடும்போது அதே தோள் ஸ்டாண்டின்மேல் சாயும். கிண்ணத்தின் விளிம்பை உள்ளங்கையால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். ஒரு கால் தூக்கினால் வேண்டாம். திருகி இறுக்கும் குமிழ் வைத்த மாடல்கள் சில வாரங்களில் நழுவி இறங்கும், ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் கிண்ணம் சரியும். துளையில் ஊசி செருகி நிறுத்தும் வகையே நிலைக்கும். மரத்தூள் பலகையில் செய்தவை தவிர்க்க வேண்டியவை. டேனின் தொங்கும் உதட்டிலிருந்து வழியும் தண்ணீரும் எச்சிலும் விளிம்பு வழியே இறங்கினால் பலகை ஊதிப் பிளக்கும்.

கிண்ணம் வளையத்துக்குள் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு கடிக்கும் கடகடவென்று சத்தம் போடும். இது சின்ன விஷயம் இல்லை. இவ்வளவு பெரிய உருவத்துக்குள் இருப்பது எளிதில் மிரளும் மனசு. ஒருமுறை கிண்ணம் உருண்டு விழுந்து பயந்த டேன், அந்த இடத்தில் சாப்பிடவே மறுப்பதுண்டு. வளையத்தின் உள்பக்கம் ரப்பர் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அளவிலும் ஒரு குறை: ஸ்டாண்டோடு வரும் கிண்ணங்கள் பெரும்பாலும் ஒன்றரை லிட்டர்தான் கொள்ளும். கிலோவுக்கு 50 மி.லி. என்ற தோராயக் கணக்கில் 60 கிலோ நாய்க்கு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு 5 லிட்டர் பாத்திரம் தனியாகத் தரையிலேயே வைத்துவிடலாம்.

அவசரமாக விழுங்குவதும் ஜிடிவி வாய்ப்பைக் கூட்டும் என்பதால், உள்ளே வரம்புகள் எழுப்பி மெதுவாகத் தின்ன வைக்கும் கிண்ணத்தையும் ஸ்டாண்டோடு சேர்த்து விற்கிறார்கள். நோக்கம் சரி, வடிவம் பெரும்பாலும் தவறு. வரம்புகளின் இடைவெளி சிறு நாயின் மூக்குக்கு அளந்தது. டேனின் அகன்ற வாய் உள்ளே நுழையாமல், வரம்பையே கடிக்கத் தொடங்கும். விளிம்பு வைத்த பெரிய தட்டில் உணவை ஒற்றை அடுக்காகப் பரப்பினால் அதே பலன் கிடைக்கும்.

ஸ்டாண்டைவிடப் பலன் தருபவை வேறு. தினம் ஒரே வேளையாகக் கொட்டாமல், வளர்ந்த நாய்க்கு ஆயுள் முழுக்க இரண்டு வேளையாவது பிரித்துக் கொடுப்பது. தாய், தந்தை, உடன்பிறந்த குட்டி யாருக்காவது ஜிடிவி வந்திருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்பது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓடவிடாமலிருப்பது; இதற்கு ஆதாரம் மெலிது, ஆனால் செலவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் காஸ்ட்ரோபெக்ஸி அறுவை சிகிச்சை. அது வயிறு ஊதுவதைத் தடுக்காது, முறுக்குவதைத் தடுக்கும், கொல்வது முறுக்குதான். 2003-இல் வெளியான ஒரு கணக்கீட்டில், முன்கூட்டியே இதைச் செய்த டேன்களுக்கு ஜிடிவி மரணம் 29.6 மடங்கு குறைவு. கருத்தடை அறுவையோடு சேர்த்தே செய்யலாம். வெறும் ஓக்காளம் வந்து வாந்தி வராமலிருப்பது, விலாவுக்குப் பின் வயிறு விம்முவது, எச்சில் ஒழுக நிலைகொள்ளாமல் நடப்பது: இவை தெரிந்தால் நேரே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான். வீட்டு வைத்தியத்தில் கழிக்கும் அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

இனிக் கிண்ணத்துக்குள். டேன் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ அரை கிலோ, ஒன்றரை, இரண்டு வயதில் அதைப்போல் நூறு மடங்கு. இந்த வேகத்தில் எலும்பைக் கெடுப்பது பட்டினி அல்ல, அளவுக்கு மீறிய ஊட்டமும் கால்சியமும். ஆறு மாதம் வரை குட்டியின் குடல், வருகிற கால்சியத்தைத் தேவைக்கேற்பக் குறைத்து உறிஞ்சத் தெரியாதது. கூடுதலாகக் கொடுத்தால் உள்ளே போய்விடும், எலும்பும் குருத்தெலும்பும் கோணலாகும். பெரிய நாய்க்குக் கால்சியம் மாத்திரை என்பது எளிதில் சாகாத மூடநம்பிக்கை. வெறும் இறைச்சியாகப் போட்டால் அதற்கு நேர்மாறான கேடு: கால்சியம் போதாமல் எலும்பு மெலியும். புரதம்தான் எலும்பைக் கெடுக்கிறது என்ற பேச்சு, டேன் குட்டிகளை வைத்தே நடந்த நெதர்லாந்து ஆய்வில் 1991-இல் பொய்த்துவிட்டது.

பையில் 'ஜெயன்ட்' என்று போட்டிருக்கிறதா, 'லார்ஜ்' என்று போட்டிருக்கிறதா என்பது முக்கியமில்லை; பல சமயம் உலர் உணவுத் துண்டின் பருமன்தான் வித்தியாசம். பின்பக்கச் சிறு எழுத்தில், வளர்ந்தபின் 70 பவுண்டை (சுமார் 32 கிலோ) தாண்டும் நாய்களின் வளர்ச்சிக்கும் பொருந்தும் என்ற, அமெரிக்கத் தீவனத் தர அமைப்பான ஆஃப்கோவின் வாசகம் இருக்க வேண்டும். அந்த விதிப்படி உலர் எடையில், அதாவது ஈரப்பதத்தைக் கழித்த எடையில், கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதம். பையில் 1.4 என்று போட்டு, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால், 1.4-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.56 வரும், நல்லது. 1.7 போட்டிருந்தால் 1.89, வேண்டாம்.

அளவுக்குப் பையிலுள்ள அட்டவணை தொடக்கம் மட்டுமே. வாராவாரம் எடை பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமல், விரல் பட்டதும் அகப்பட வேண்டும். குண்டுக் குட்டியைப் பார்த்து ஊரே பாராட்டும். அதன் மூட்டுகள் பாராட்டாது. வளர்ந்த 60 கிலோ நாய்க்கு, கிலோவுக்கு 3,600 கலோரி உள்ள உணவில் 650 முதல் 750 கிராம் வரை தொடங்கி, உடம்பைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஸ்டாண்டுக்கு வைத்த பணம் மிச்சமானால் மெத்தை வாங்குங்கள். கடினத் தரையில் படுக்கும் டேனுக்கு முழங்கையில் நீர் கோத்து வீங்கும். வாங்கும்போது முழங்காலை மெத்தையில் ஊன்றிப் பாருங்கள். தரை தட்டினால், நாய் படுத்தாலும் தட்டும்.