முகமூடியா, சிவப்பு மூக்கா, கட்டியக்காரனா: பொய்யில்லாத நடிப்புக்கு எதில் தொடங்குவது?

ஒருவர் பொய்யாக நடிக்கிறார் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். எதிரே நிற்பவர் என்ன செய்தாலும், வீட்டில் தீர்மானித்து வந்ததையே இவர் செய்துகொண்டிருப்பார். அல்லது, உள்ளே ஒன்றும் நடக்காதபோதும் முகத்தில் ஏதோ நடப்பதாகக் காட்டுவார். இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. அது தெரியாமல் 'கிளவுன் பட்டறை' என்ற பெயரில் எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால், போனவர் போனபடியே திரும்புவார். சிலருக்குக் கூடுதலாக ஒரு கோமாளிக் குரல் வேறு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் நடுநிலை முகமூடி. பிரெஞ்சு நாடக ஆசான் ழாக் லெகோக் 1956இல் பாரிசில் தொடங்கிய நடிப்புப் பள்ளியில் முதலாண்டுப் பயிற்சி இதிலிருந்துதான் எழுகிறது. அதற்குமுன் இத்தாலியில் இருந்த காலத்தில், சிற்பி அம்லேட்டோ சர்த்தோரியோடு சேர்ந்து அவர் தோலில் உருவாக்கிய முகமூடி இது. சிரிப்பு, கோபம், சோகம் எதுவும் அதில் இல்லை. முகம் மறைந்ததும் பார்ப்பவரின் கண் உடம்புக்குப் போய்விடும். தோளைத் தூக்கியே வைத்திருப்பவர், ஒரு காலில் பாரத்தைச் சாய்த்து நிற்பவர், நடக்கையில் ஒரு கையை மட்டும் வீசுபவர், எல்லோரும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடுவார்கள்.

முகமூடி முகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். கன்னத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டால் அது வேலை செய்யாது. தலைமுடியைக் கட்டிக்கொண்டு, படமோ எழுத்தோ இல்லாத அடர்நிற உடை போட்டுக்கொள்ளுங்கள். பார்வையாளருக்கு முதுகு காட்டி அணிந்து, ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்புங்கள். அணிந்திருக்கும்போது பேசக்கூடாது, முகமூடியைக் கையால் தொடக்கூடாது. தொடக்கத்தில் ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். அதற்குமேல் போனால் உடம்பு தானாகவே கதை சொல்லத் தொடங்கிவிடும்.

லெகோக் கொடுத்த பயிற்சிகளில் விடைபெறுதல் ஒன்று. நண்பர் கப்பலில் போகிறார், துறைக்கு ஓடிவந்து கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புதியவர் வந்ததுமே மணிக்கட்டை ஆட்டுவார். கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. அது உண்மையாக நடக்கும்போது முதலில் தலை தூரத்தைப் பிடிக்கும், பிறகு மூச்சு நிற்கும், அதற்குப் பிறகுதான் முதுகிலிருந்து கை எழும். கப்பல் சிறுக்கச் சிறுக்கக் கை மேலேயே நிற்கும். எப்போது இறக்குவது என்பதைக் கப்பல்தான் தீர்மானிக்கும். அந்தக் கை இறங்கும் நொடியைப் பார்த்தாலே அவர் பார்த்தாரா, பார்ப்பதுபோல் காட்டினாரா என்று சொல்லிவிடலாம்.

இதில் கெட்டுப்போகும் இடங்களும் தெளிவானவை. பலர் பேய்போல மெதுவாக நடப்பார்கள், மெதுவாகச் செய்தால் ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில். அதற்கு ஓடவேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்தால் சரியாகும். இன்னும் சிலர் கண்ணை மட்டும் உருட்டுவார்கள். முகமூடியில் தலை திரும்பினால்தான் பார்வை திரும்பும். முகவாய் சற்றே ஏறினாலும் திமிர் தெரியும், சற்றே இறங்கினாலும் துக்கம் தெரியும். ஆகவே எதிரே இருப்பவர்கள் அந்தக் கோணத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

முகமூடி மிகையைக் கழிக்கும். ஆனால் பார்வையாளரோடு இருக்கக் கற்றுத்தராது. அங்கேதான் கோமாளியின் சிவப்பு மூக்கு வருகிறது.

1960களின் தொடக்கத்தில் லெகோக் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடுவே வந்து சிரிக்கவைக்கச் சொன்னார். குட்டிக்கரணம், சேஷ்டை, சொல்விளையாட்டு எதற்கும் யாரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், முகம் தொங்கிப்போய் உட்காரப் போனபோதுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். தேர்ந்த சாகசம் செய்யாததை ஏமாந்த மனிதர் செய்துவிட்டார். அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் அவர் மூக்கை மாட்டினார். உலகத்தின் மிகச் சிறிய முகமூடி என்று அதைச் சொல்வார்கள். பெரிய முகமூடி மறைப்பதை இந்தச் சிறிய முகமூடி காட்டிக்கொடுக்கும். அவரிடம் படித்து, அங்கேயே கற்பித்து, 1980இல் தனிப் பள்ளி கண்ட பிலிப் கோலியே விளையாட்டின் இன்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார். நடிகருக்கு அந்த இன்பம் இல்லையென்றால் எந்த உண்மையும் எடுபடாது என்பது அவர் பாடம்.

பயிற்சி எளிது. திரைக்குப் பின்னாலிருந்து மூக்கோடு வெளியே வாருங்கள். உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஒன்றும் செய்யாமல் இருங்கள். யாரும் சிரிக்கவில்லை என்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள்: மூச்சை விட்டு, ஒருவரைப் பார்த்து, அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டி, குழந்தைக் குரலுக்குத் தாவி, காலைப் பரப்பி நடப்பார்கள். அப்படிச் செய்தவுடன் மூக்கு செத்துப்போகும். மூக்கின் அளவையும் கவனியுங்கள். நாசியை நசுக்கும் ஸ்பாஞ்சு உருண்டை குரலை மாற்றிவிடும், அந்த மாறிய குரலே ஒரு ஒளிவிடம் ஆகிவிடும். மூச்சு தடையில்லாமல் போகும் அளவுக்கு, மெல்லிய எலாஸ்டிக்கில் கட்டிய சிறிய அரைக்கோளம் நல்லது.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. அமர்ந்திருப்பவர்கள் மரியாதைக்குச் சிரித்தால் பயிற்சியே போச்சு. அந்தச் சிரிப்புக்கு நடிகர் பழகிக்கொள்வார். இன்னொன்று இதைவிட மோசமானது. தோல்வியைக் காட்டச் சொன்னால் சொந்தத் துயரத்தைக் கொட்டுவதுதான் நேர்மை என்று சிலர் நினைத்து அழத் தொடங்குவார்கள், பயிற்சியாளரும் அதை ஊக்குவிப்பார். அது மூக்கின் வேலையே இல்லை. கோலியேயின் கடுமை உலகறிந்தது. அந்தக் கடுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் இருந்த விளையாட்டை விட்டுவிட்ட வகுப்பில் நடிகர் கற்பதெல்லாம் பயம்தான். பயந்தவர் உண்மையாக நடிக்க மாட்டார்.

தெருக்கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வரும் வேடத்தை யாரென்று கேள்வி கேட்டு அறிமுகப்படுத்தும் நம் விதூஷகனான கட்டியக்காரனை இதே வரிசையில் வைப்பதில் நியாயம் இருக்கிறது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக்குழு, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை நவீன நடிகரின் உடற்பயிற்சிக்குள் கொண்டுவந்தது. ஆனால் கட்டியக்காரனும் மூக்கு மாட்டிய கோமாளியும் ஒருவரல்லர். கோமாளிக்குச் சிரிப்பு தன் தோல்வியிலிருந்து வருகிறது. கட்டியக்காரனுக்கு அது பெரும்பாலும் ராஜாவின் பெருமையைக் கேள்வி கேட்பதில் வருகிறது. எனவே ஒளிந்துகொள்ள அவரிடம் நாக்கு இருக்கிறது. தன்னைத் திறந்து காட்டக் கற்க இது இரண்டாம்பட்சம். கேட்டுப் பழக இதற்கு ஈடில்லை. இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்கட்டும், பின்னால் ஒருவர் நிற்கட்டும். வருவது யார் என்று கட்டியக்காரருக்குத் தெரியக்கூடாது. அடுத்த கேள்வி முந்தைய பதிலின் கடைசிச் சொல்லிலிருந்து பிறக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. சினிமா வசனத்தையோ கேட்ட நகைச்சுவையையோ எடுத்துவிட்டால் உடனே நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள்.

நியூயார்க்கின் நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் வகுத்த திரும்பச் சொல்லும் பயிற்சியும் கேட்பதற்குத்தான், அங்கே உடம்பு மட்டும் நாற்காலியில். எதிரெதிரே உட்கார்ந்த இருவரில் ஒருவர் மற்றவரிடம் பார்த்ததைச் சொல்வார், மற்றவர் அதையே திரும்பச் சொல்வார். தமிழில் அதைச் செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. "நீலச் சட்டை போட்டிருக்க" என்பதா, "போட்டிருக்கீங்க" என்பதா? தயங்குபவர் இரண்டையும் தவிர்த்து "சட்டை நீலமா இருக்கு" என்று ஆளையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவார். நிஜத்தில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே தொடங்கச் சொல்லுங்கள். மரியாதை விகுதி தானாக உடையும் நொடிதான் அந்தப் பயிற்சியில் தேடவேண்டியது.

எதைத் தேர்வது? மிகை உள்ளவருக்கு முகமூடி. எதிராளியைக் கேட்காதவருக்குக் கட்டியக்காரன். சுத்தமாக, சரியாகச் செய்தும் யாரையும் தொடாதவருக்கு மூக்கு. இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால் மூக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். தோல்வியில் நிற்கக் கற்குமுன் பட்டறை முடிந்துவிடும், அவமானம் மட்டும் மிஞ்சும். பத்து நாள் இருந்தால் முதல் நான்கு முகமூடிக்கு, அடுத்த இரண்டு திரைக் கேள்விகளுக்கு, மீதி மூக்குக்கு. லெகோக் பள்ளியிலும் கோமாளி இரண்டாண்டுப் படிப்பின் கடைசியில்தான் வருகிறது.

கடைசி நாளில் மூக்கைக் கழற்றிவிட்டு அதே நுழைவை, அதே பெயர் சொல்லலைச் செய்யுங்கள். பிறகு கேமராவை முகத்துக்கு ஒரு மீட்டரில் வைத்து, நாடகப் பிரதியிலிருந்து நான்கு வரி. முதல் முயற்சியில் பழைய முகம் திரும்பிவரும். அப்போது வசனத்தைத் திருத்த வேண்டாம். மூக்கை மாட்டி ஒருமுறை, உடனே கழற்றி ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூக்கு இருந்தபோது கண் எங்கே நின்றதோ, இல்லாதபோதும் அங்கேயே நிற்கும்வரை.