பெர்லின்: ரயிலுக்கு நூற்றுக்கு நூறு, தபால் பெட்டிக்கு முட்டை

"பெர்லின்ல ஒரு அட்மிஷன், மாக்டபுர்க்ல ஒரு அட்மிஷன். எதை எடுக்கட்டும் அக்கா?" என்று கல்லூரி ஜூனியர் ஒருத்தி போன வாரம் கேட்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் விடுவிக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ, விசா நேர்காணல் எல்லாம் இங்கே வர நினைக்கிறவர்களுக்கு மனப்பாடம். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது தபால் பெட்டியைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் விட்டுப்போய்விடக் கூடாது.

இந்த ஊர் ரயில்களுக்கு ஈடு இல்லை. எஸ்41, எஸ்42 இரண்டும் நகரத்தை வட்டமடிக்கும். ஒன்று வலமாக, இன்னொன்று இடமாக, ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். வெள்ளி, சனி இரவுகளில் யூ-பான் என்ற சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். நூலகத்திலிருந்து நடுராத்திரியில் தனியாக வீடு திரும்ப நான் யாரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. 2024 கோடை செமஸ்டரிலிருந்து நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது, மற்றவர்கள் கொடுக்கும் விலையில் 60 சதவீதத்துக்கு. மற்றவர்களுக்கு மாதம் 49 யூரோவில் தொடங்கிய டிக்கெட் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆகிவிட்டது. ஆனாலும் கொடுக்கிற காசு தகும்.

சாப்பாட்டுக்கும் குறை இல்லை. செவ்வாயும் வெள்ளியும் மைபாக்ஊஃபர் கால்வாய்க் கரையில் துருக்கியர் சந்தை கூடும். கடை கட்டும் நேரத்துக்குப் போனால் வெண்டைக்காயும் கொத்தமல்லியும் பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு வரலாம். யூ7-இல் ஏறி பிளாஷ்கோஅல்லேயில் இறங்கினால் மயூரபதி முருகன் கோயில், ஈழத்தமிழர்கள் எழுப்பியது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதும் பழகிவிடும்.

சரி, இனி தபால் பெட்டி.

இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, உங்கள் பெயர், இவ்வளவுதான் முகவரி. பழைய கட்டடம் என்றால் தெருவைப் பார்த்து ஒரு முன்கட்டு, முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டு, பக்கத்தில் இன்னொரு கட்டு. அத்தனை வீட்டுக்கும் சேர்த்துப் பல இடங்களில் நுழைவாயில் நடையிலேயே தகரப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். தபால்காரர் கவரில் உள்ள பெயரைப் பெட்டியில் தேடுவார். இருந்தால் போடுவார், இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். முக்கியமானதெல்லாம் தபாலில்தான் வரும்: வங்கிக் கார்டு ஒரு கவரில், பின் நம்பர் இன்னொரு கவரில், காப்பீட்டு அட்டை, 11 இலக்க வரி எண்.

வெட்டிங் பகுதியில் எனக்கு முதல் அறையை உள்வாடகைக்கு விட்டவர், பெட்டியில் என் பெயரை ஒட்டவே விடவில்லை. வீட்டு நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் விட்டிருந்தார், பெயர் வெளியே தெரிந்தால் மாட்டிக்கொள்வார். "கேர் ஆஃப் போட்டு என் பெயரை எழுதிக்கொள்" என்றார். அப்படியே செய்தேன். அவர் ஊருக்குப் போனபோது பெட்டிச் சாவியும் அவரோடு போய்விட்டது. போன் டார்ச்சைப் பெட்டியின் வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே வங்கியின் கவர் தெரிகிறது, என் பெயரின் முதல் நாலு எழுத்தும் தெரிகிறது. விரலை விட்டால் முதல் கணுவுக்கு மேல் போகவில்லை. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து விடுவித்த 992 யூரோ கணக்கில் இருக்கிறது, அதை எடுக்க வேண்டிய பின் நம்பர் தகரத்துக்குள் கிடக்கிறது. அந்த நேரத்தில் அதே மனிதர் போன் போட்டு, வாடகையை ரொக்கமாகத் தன் தோழியிடம் கொடுத்துவிடு என்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துப் போடவும் மாட்டேன் என்றுவிட்டார். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவரின் உறுதிக் கடிதம் வேண்டும், 2015 நவம்பரிலிருந்து இதுதான் விதி. பதியாவிட்டால் வரி எண் தானாக வராது. அது இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் மிக அதிகமாக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் வைத்துச் சம்பளத்தைப் பிடித்துவிடலாம். பிறகு திரும்ப வாங்கலாம்தான், ஆனால் இந்த மாத வாடகைக்கு அது உதவாது. இது தெரிந்தும் அறை விளம்பரங்களில் "அன்மெல்டுங் கிடையாது" என்று கூசாமல் போடுகிறார்கள். புதிதாக வந்த வெளிநாட்டு மாணவர்கள் வேறு வழியில்லாமல் அதற்கும் வரிசையில் நிற்கிறோம்.

நியாயமாகப் பார்த்தால் முறையில் பெரிய கோளாறு இல்லை. பெயர் சரியாக இருந்தால் கடிதம் பிசகாமல் வந்து சேர்கிறது. நொய்க்யோல்னில் இப்போது இருக்கும் வீட்டில், பராமரிப்பாளர் முதல் வாரமே பெயர்ப் பலகை மாட்டிக்கொடுத்தார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது, கடிதங்களும் அந்தப் பெயருக்கே வரும். அதனால் பெட்டியில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். படம் எடுத்து அனுப்பினேன். அப்பா அதைத்தான் இப்போதும் டிபியாக வைத்திருக்கிறார்.

ஆனாலும் கேள்வி கேட்ட ஜூனியர் தங்கைக்கு என் பதில் மாக்டபுர்க்தான். விடுதி அறை உறுதியான கடிதம் கையில் இல்லாமல் பெர்லினுக்கு வராதே. ஆர்இ1 ரயிலில் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் அங்கிருந்து இங்கே வந்துவிடலாம், டாய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும். வெள்ளிக்கிழமை வந்து சந்தை, கோயில் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி உன் அறைக்குத் திரும்பிவிடு. நீங்கள் அங்கே மாறுவீர்களா அக்கா என்று கேட்பாய். மாட்டேன், எனக்கு இந்த ஊர் வேண்டும். ஆனால் அந்த முதல் சில மாதங்கள் உனக்கு வேண்டாம்.

இல்லை, பெர்லின்தான் என்றால், முன்பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்வியை எழுத்தில் கேள். பெட்டியில் என் பெயர் இருக்குமா? அன்மெல்டுங்குக்குக் கையெழுத்துப் போடுவீர்களா? முன்பணமும் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அந்த அறையை விட்டுவிடு.